கடற்படை ஒப்பந்தமும் என் கோப்பும்: 2025 நாட்குறிப்பு

ஜனவரி 9, 2025
ஆண்டுத் திட்டத்தைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கிவிட்டது. அமெரிக்கக் கடற்படைக்கு வால்வு செய்து கொடுக்கும் எங்கள் ஆலையில் 50 பேருக்கு மேல் வேலை செய்வதாலும், ஒப்பந்தத் தொகை 50,000 டாலரைத் தாண்டுவதாலும், அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன் திட்டத்தை, அதாவது வேலையில் குறைவாக இருக்கும் பிரிவினருக்குச் சம வாய்ப்பு கிடைக்க எடுக்கும் முயற்சிகளின் திட்டத்தை, எழுத்தில் வைத்திருப்பது கட்டாயம். வேலைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெண்களும் சிறுபான்மை இனத்தவரும் எத்தனை பேர் என்பதை, அந்த வேலைக்குத் தகுதியானவர்களில் அவர்கள் எத்தனை விழுக்காடு என்ற கணக்கோடு ஒப்பிட வேண்டும். லேத் பிரிவில் 22 பேர், பெண் ஒருவர். குறைவு தெரிந்தால் இலக்கு எழுதுவோம். ஊரில் அண்ணனிடம் சொன்னால் “இடஒதுக்கீடுதானே?” என்பார். இல்லை, ஒதுக்கீடு கூடாது என்று விதியே சொல்கிறது. இலக்கை எட்டாதது குற்றமல்ல. எட்டுவதற்கு என்ன முயற்சி எடுத்தீர்கள் என்றுதான் தணிக்கையில் கேட்பார்கள்.

ஜனவரி 22
நேற்று அதிபர் டிரம்ப் 14173ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். 1965 செப்டம்பர் 24 அன்று அன்றைய அதிபர் லிண்டன் ஜான்சன் பிறப்பித்த, இந்தத் திட்டத்துக்கு அடிப்படையான 11246ஆம் ஆணை அதனால் ரத்தாகிவிட்டது. பழைய நடைமுறையை 90 நாள் தொடரலாமாம். “எல்லாவற்றையும் மூடிவிடலாமா?” என்று காலையிலேயே மேலாளர் கேட்டார். முடியாது என்றேன். மாற்றுத்திறனாளிகளுக்கான 1973 மறுவாழ்வுச் சட்டத்தின் 503ஆம் பிரிவும், முன்னாள் படைவீரர்களுக்கான 1974ஆம் ஆண்டுச் சட்டமும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றியவை. அதிபர் ஆணையால் அவற்றை நீக்க இயலாது. இனி ஒப்பந்தங்களில், சட்டத்துக்குப் புறம்பான பன்முகத்தன்மைத் திட்டம் எதையும் நடத்தவில்லை என்றும் நிறுவனங்கள் உறுதி சொல்ல வேண்டும். பொய்யானால், பொய் சொல்லி அரசுப் பணம் பெறுவோர்மீது பாயும் பொய்க்கோரிக்கைச் சட்டம் பாயும். நேற்றுவரை குறைவாகச் செய்துவிட்டோமோ என்று பயந்தவர்கள், இன்று கூடுதலாகச் செய்துவிட்டோமோ என்று பயப்படுகிறோம்.

ஏப்ரல் 21
90 நாள் கெடு முடிந்தது. இனம், பாலினம் சார்ந்த இலக்குகளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். லேத் பிரிவில் இன்னமும் பெண் ஒருவர்தான்.

மே 14
ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஊழியர் எல்லோருக்கும் தர வேண்டிய, மாற்றுத்திறனாளியா என்று கேட்கும் படிவத்தைக் கொடுத்தோம். ‘ஆம்’, ‘இல்லை’, ‘பதில் சொல்ல விரும்பவில்லை’ என்று மூன்றே கட்டங்கள். ஒவ்வொரு வேலைக்குழுவிலும் மாற்றுத்திறனாளிகள் 7 விழுக்காடு என்ற இலக்குக்கு இதுதான் ஆதாரம். காதில் கருவி மாட்டிய ஒருவர், படிவத்தில் உள்ள குறைபாடுகளின் பட்டியலில் செவிக்குறை என்ற சொல்லின்மீது விரலை வைத்தபடி, “கருவி இருந்தால் எனக்குக் கேட்கிறதே, நான் எதில் குறியிடுவது?” என்றார். நான் சொல்லித் தரக் கூடாது. அது அவரே தீர்மானிக்க வேண்டியது என்றும், படிவம் அவருடைய பணிக்கோப்பில் சேராது என்றும் மட்டும் சொன்னேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஜூலை 2
அந்த 7 விழுக்காட்டு இலக்கையும் படிவத்தையும் கைவிடும் முன்மொழிவைத் தொழிலாளர் துறை நேற்று வெளியிட்டுள்ளது. முன்மொழிவு விதியாகாது, ஆகவே இறுதி விதி வரும்வரை படிவம் வாங்கத்தான் வேண்டும். காதில் கருவி மாட்டியவரின் படிவம் இன்று வந்தது. எதில் குறியிட்டிருக்கிறார் என்பதை நான் இங்கே எழுத முடியாது. தனி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.