பல் காய்வதற்கு முன்

ரூட் கேனால் முடிந்ததா, அடுத்தது பல்லின் மேல் உறைபோல மாட்டும் கேப். பல் மருத்துவக் கல்லூரி முடித்து வந்த புதிதில் எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான். கடைவாய்ப் பல்லுக்கு அது பெரும்பாலும் சரி, மெல்லுகிற பாரமெல்லாம் அதன் மேல்தான் விழுகிறது, கேப் இல்லாமல் விட்டால் ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது இரண்டாகப் பிளந்துவிடும். முன்பல் அப்படியில்லை. பின்பக்கம் சின்னத் துளை போட்டுத்தான் வேரைச் சுத்தம் செய்கிறோம்; மற்றபடி பல் முழுசாக இருந்தால் அந்தத் துளையைப் பல் நிறத்திலுள்ள காம்போசிட் பசையால் அடைத்தாலே போதும். கேப்புக்காகச் சுற்றிலும் ராவினால் வெளியே தெரிகிற பல்லில் பாதிக்கு மேல் போய்விடும்.

இது புத்தகத்திலேயே இருந்தது. எனக்கு உறைத்தது ஒரு கல்யாணப் பெண்ணால்.

சின்ன வயதில் விழுந்து அடிபட்ட முன்பல், உள்ளே நரம்பு செத்துப்போய் சாம்பல் நிறத்தில் இருந்தது. ரூட் கேனால் செய்தேன். கல்யாணத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது, உள்ளே வெளுக்க வைக்கும் மருந்தான சோடியம் பெர்போரேட் வைத்து வாரத்துக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் இரண்டு மூன்று தடவையில் நிறம் தெளிந்திருக்கும். நான் கேப்புக்கு ராவினேன். அதைவிட மோசம், ராவி முடித்து, முக்கால் மணி நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்த பிறகு, டியூப்லைட் வெளிச்சத்தில் ஷேடு, அதாவது கேப்புக்கான நிறம், பார்த்தேன். எச்சில் படாமல் காய்ந்த பல் இருப்பதைவிட வெளுப்பாகத்தான் தெரியும். பக்கத்துப் பல்லைப் பார்த்து, எண் ஏற ஏற நிறம் அடர்த்தியாகும் வரிசையில் வெளுப்பான ஏ1 என்று எழுதி லேபுக்கு அனுப்பினேன். கேப் வந்தது, மாட்டினேன், அம்மாக்காரர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டாக்டர், இந்தப் பல்லு மட்டும் தனியா முழிக்குதே."

முழித்ததுதான். ஒட்டாமல் கழற்றி, மறுநாள் காலையில் வரச்சொல்லி, ஜன்னலோரம் உட்கார வைத்துப் பார்த்தால் பக்கத்துப் பல் ஏ2, ஈறு ஓரத்தில் ஏ3. இரண்டாவது கேப்புக்கான லேப் காசு என் பாக்கெட்டிலிருந்து. இப்போதெல்லாம் மரப்பு ஊசிக்கும் முன்னால் முதல் வேலை ஷேடுதான், நிற மாதிரியான ஷேடு கட்டையைப் பல்லோடு சேர்த்து வைத்து போட்டோ எடுத்து டெக்னீஷியனுக்கு அனுப்பிவிடுகிறேன்.

பல் உடைந்து வந்தால் விஷயமே வேறு. அப்போது வேருக்குள் இறக்கும் சின்னத் தண்டு, போஸ்ட், வேண்டியிருக்கும். போஸ்ட் வைத்தால் பல்லுக்குப் பலம் என்று பலரும் நம்புகிறார்கள், நானும் நம்பியிருக்கிறேன். அது மேலே கட்டும் காம்போசிட்டைப் பிடித்து வைக்கத்தான். ரூட் கேனாலில் வேருக்குள் அடைத்த ரப்பர் போன்ற கட்டா பெர்ச்சாவை நுனியில் நான்கைந்து மில்லிமீட்டர் தொடாமல் விட்டுவிட்டு மேலே உள்ளதை எடுத்து அங்கே இறக்குகிறோம். பலம் வருவது ஈறுக்கு மேலே மிச்சமிருக்கும் பல்லிலிருந்து. சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது இருந்தால், மரச்சக்கரத்தை இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிப்பதுபோல கேப் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு டிரைவர் அண்ணனுக்கு அந்த 2 மில்லிமீட்டர் இல்லை. சுற்றிலும் ஒன்று இருந்தால் அதிகம். மேல் முன்பல்லைக் கம்பி போட்டு, ஈறுக்கு வெளியே வர மெதுவாகக் கீழே இழுக்கலாம், மாதக்கணக்கில் ஆகும் என்றேன். இல்லாவிட்டால் எடுத்துவிட்டு, தாடை எலும்பில் பொருத்தும் இம்பிளான்ட். இரண்டும் வேண்டாமாம். "முடிஞ்ச வரைக்கும் ஓட்டிக் குடுங்க சார், பொறவு பாத்துக்கலாம்." உலோகப் போஸ்ட் வளைந்து கொடுக்காது, அழுத்தம் தாங்காமல் வேரே பிளந்துபோனால் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை, அதனால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் ஃபைபர் போஸ்ட் வைத்தேன். எதையும் முன்பல்லால் கடிக்கக் கூடாது என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன்.

பொங்கல் முடிந்த மறுநாள் தீப்பெட்டியோடு வந்தார். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் கேப், கேப்போடு போஸ்ட்.

"கரும்பா?"

"ஒரே ஒரு துண்டு சார்."

எக்ஸ்ரே எடுத்தேன், வேரில் விரிசல் எதுவும் தெரியவில்லை. சுத்தம் செய்து மறுபடி ஒட்டி அனுப்பினேன். தீப்பெட்டியை அவர் மறக்காமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.