290 வாட்

அக்டோபர் 6, 2025

290 வாட். என் பழைய கணினியின் பவர் சப்ளைப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. கைபேசி வெளிச்சத்தில் அக்கா மகள் படித்துச் சொன்னாள், நான் படுத்தபடியே குறித்துக்கொண்டேன். குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது. பெட்டியோ மேசைக்கு அடியில் இருக்கிறது. இனி எல்லாவற்றுக்கும் அவள்தான்.

பிராசசர் ஐ5-4590. 2014-இல் வந்தது. நான்கு கோர், நான்கு திரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலை. ராம் 8 ஜிபி, ஒரே ஸ்டிக். கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற இயந்திரம். இதில் விளையாடப் போகிறேன் என்றதும் அவள் சிரித்தாள். சிரிக்கட்டும்.

அக்டோபர் 7

தம்பி பேசினான். "புதிதாகவே ஒன்று வாங்கிவிடேன் அண்ணா" என்றான். வலி அதிகமாக இருக்கிறது என்று சொல்லிப் பேச்சை முடித்தேன்.

அக்டோபர் 9

எந்தக் கார்டு வாங்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை வாட் தாங்கும் என்று கேட்பவர் அபூர்வம். எனக்கு நாள் முழுவதும் அந்த நினைப்புத்தான்.

பிராசசருக்கு 84 வாட். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தன் வழியாகக் கார்டுக்குக் கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 75. ஹார்ட் டிஸ்க், விசிறிகள், மதர்போர்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னும் நாற்பது என்று வைத்தாலும் 200 வரவில்லை. 290 போதும். போதும்தானே? பத்து வருடத்துக்கு மேல் ஓடிய பவர் சப்ளைக்குள் கெபாசிட்டர்கள் எவ்வளவு தளர்ந்திருக்கும் என்பதைச் சீட்டு சொல்லாது.

பெரியதாக வேறொன்று மாட்டிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வழக்கமான மதர்போர்டில் 24 பின் இணைப்பு இருக்கும். இதில் 8 பின். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் மின்சாரத்தைக்கூட மதர்போர்டுதான் பிரித்துக் கொடுக்கிறது. 24-ஐ 8 ஆக்கும் இணைப்புக் கேபிள் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் கார்டுக்காகப் பவர் சப்ளை, பவர் சப்ளைக்காகக் கேபிள், இதெல்லாம் அடங்காததால் வேறு பெட்டி, பெட்டியில் பொருந்தாததால் வேறு மதர்போர்டு என்று போனால் தம்பி சொன்ன இடத்தில்தான் போய் நிற்பேன். அவனுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுப்பதாக இல்லை.

ஆகவே 75 வாட்டுக்குள். தனி மின் கேபிள் கேட்காத கார்டு. ஆர்எக்ஸ் 580 பழைய சந்தையில் கொட்டிக் கிடக்கிறது. 8 ஜிபி நினைவகம். பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. 185 வாட். போய் வா.

அக்டோபர் 10

இரவெல்லாம் வலி. விடியும்வரை ஜிடிஎக்ஸ் 1650 என்ற கார்டின் படங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சில மாடல்களில் ஆறு பின் மின் இணைப்பு இருக்கிறது, சிலவற்றில் இல்லை. பெயர் மட்டும் ஒன்று. விற்பவர்கள் விசிறி தெரியும்படி அழகாகப் படமெடுத்துப் போடுகிறார்கள். எனக்கு வேண்டியது அந்த இணைப்பு இருக்கும் விளிம்பு.

அக்டோபர் 13

ஆர்எக்ஸ் 6400-ஐயும் பார்த்தேன். 53 வாட்தான், பவர் சப்ளைக்கு உறைக்கவே உறைக்காது. ஆனால் அது மதர்போர்டோடு நான்கு தரவுத் தடங்களில் மட்டும் பேசும் கார்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் தலைமுறையில் அது போதும். என் மதர்போர்டு மூன்றாம் தலைமுறை, அதே நான்கு தடங்களில் பாதி வேகம். 4 ஜிபி நினைவகம் நிரம்பி, சாதாரண ராமிலிருந்து இழுக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பாதி நன்றாகத் தெரியும். பழைய இயந்திரத்துக்கு என்றே செய்ததுபோல் இருக்கும் கார்டு பழைய இயந்திரத்தில்தான் திணறுகிறது! 1650 பதினாறு தடக் கார்டு. 2019-ஐச் சேர்ந்தது. அதுவும் என் மதர்போர்டும் ஒரே மூன்றாம் தலைமுறை ஆட்கள், ஒத்துப்போவார்கள்.

இன்டெல் ஆர்க் கார்டுகள் பற்றி யோசிக்கவே இல்லை. ரீசைசபிள் பார், அதாவது கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுகும் வசதி, இல்லாத மதர்போர்டில் அதன் வேகம் படுத்துவிடும்.

மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தூக்கம் தூக்கமாக வருகிறது.

அக்டோபர் 14

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவுக்கு இன்றோடு முழுக்கு. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், எட்டாம் தலைமுறை இன்டெல்லாவது வேண்டும். என்னுடையது நான்காம் தலைமுறை. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இயந்திரம் நேற்றுப் போலத்தான் இன்றும் ஓடுகிறது. அதற்கு என்ன குறை வந்துவிட்டது? கோபமாக வருகிறது.

2026 அக்டோபர் வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு தரும் நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்தாயிற்று. அதற்கப்புறம் லினக்ஸ். புரோட்டான் என்ற இடைமென்பொருள் வந்தபிறகு விண்டோஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை அதில் ஓடுகின்றன. மோசடித் தடுப்பு மென்பொருள் வைத்திருக்கும் சில ஆன்லைன் விளையாட்டுகள்தாம் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. ஆன்லைனில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் சுடுபட்டுச் சாகும் ஆசை எனக்கும் இல்லை.

அக்டோபர் 16

ராம் வந்தது. டிடிஆர்3, 1600. ஏற்கெனவே இருப்பதைப் போலவே இன்னொரு 8 ஜிபி. புதிய ராம் விற்கிற விலையைப் பார்த்தால், யாருக்கும் வேண்டாத டிடிஆர்3 இயந்திரம் வைத்திருப்பது ஒருவகையில் பாக்கியம்.

ஒரே நிறத்து ஸ்லாட்களில் இரண்டையும் போடச் சொன்னேன். ஏன் நிறம் பார்க்க வேண்டும் என்று அக்கா மகள் கேட்டாள். ஒரு ஸ்டிக் என்றால் ஒரு சேனல், நொடிக்கு 12.8 ஜிபி. சரியான ஸ்லாட்களில் இரண்டு என்றால் இரண்டு சேனல், 25.6. அளவு கூடுவதைவிட இதுதான் பெரிது. நாலு கோரும் ஒற்றைக் குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தன என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அக்டோபர் 18

தூசி. எவ்வளவு தூசி! பிராசசர் மேலிருந்த, வெப்பம் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகக் கிடந்ததாம். துடைத்து, பயறளவு புதியதை வைத்து, மூடினாள். முழுச் சுமையில் 88 டிகிரிக்குப் போய்க்கொண்டிருந்தது இப்போது 67-இல் நிற்கிறது. செலவென்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. இதைச் செய்யாமல் கார்டு வாங்கப் போகிறவர்களை உலுக்க வேண்டும்.

எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகமும் மாட்டியாயிற்று. சாட்டா இணைப்பில் நொடிக்கு 550 எம்பிக்கு மேல் போகாது. அதுவே தாராளம். இதனால் விளையாட்டில் ஃபிரேம், அதாவது நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, அதிகரிக்காது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. காத்திருப்பு குறையும். எனக்கு இப்போது வேண்டியதும் அதுதான்.

நன்றாக உட்கார்ந்தேன் இன்று.

அக்டோபர் 22

விளிம்பைப் படமெடுத்து அனுப்பும்படி கேட்டிருந்தேன். ஒருவர் மட்டும் அனுப்பினார். மொட்டை விளிம்பு. ஆறு பின் இல்லை. பணம் அனுப்பிவிட்டேன்.

அனுப்பியபிறகு பயம் பிடித்துக்கொண்டது. ஜிடிஎஸ் 450 போன்ற பழைய சிப்பின் பயாஸை, அதாவது கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றி எழுதி, 1050 டிஐ என்ற பிந்தைய கார்டு என்று விண்டோஸையே நம்ப வைத்து விற்கும் கூட்டம் இருக்கிறது. அப்படிப்பட்ட கார்டுகளில் பெரும்பாலும் பழைய விஜிஏ துளை இருந்து காட்டிக்கொடுக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விஜிஏ இல்லை. மறுபடி பார்த்தேன். கிரிப்டோ நாணயச் சுரங்கத்தில் இரவு பகலாக வதைபட்ட கார்டாக இருக்குமோ? 2022 செப்டம்பரில் எதிரியம் என்ற கிரிப்டோ நாணயம் சுரங்கமே தேவைப்படாத வழிக்கு மாறியபிறகு அப்படிப்பட்டவை சந்தையில் வந்து குவிந்தன. ஆனால் அந்த வேலைக்கு நினைவகம் போதாத 4 ஜிபி கார்டை யார் கடைசிவரை வைத்திருந்திருப்பார்கள். இருந்தாலும்.

அக்டோபர் 24

வரவில்லை.

அக்டோபர் 25

வரவில்லை. ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நவம்பர் 7.

அக்டோபர் 27

வந்தது!

ஸ்லாட்டில் அழுத்தியதும் கிளிப் "டக்" என்று பிடித்த சத்தம் படுக்கைவரை கேட்டது. சுவிட்சைப் போட்டதும் விசிறி சுழன்று நின்றது. திரை கறுப்பு. மூச்சு நின்றுவிட்டது எனக்கு. 290, 290 என்று உள்ளே அடித்துக்கொள்கிறது. பிறகு தானாகவே மறுபடி சுழன்று, படம் வந்தது. புது வன்பொருளைக் கண்டால் சில பயாஸ்கள் ஒருமுறை இப்படிப் படுத்தெழும்.

கார்டை அடையாளம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். டியு117 சிப், 896 கோர், 1650-க்கு உரிய அதே அடையாளம். போலி என்ற எச்சரிக்கை எதுவும் இல்லை. அசல்.

அக்கா மகள் ஒரு விளையாட்டில் கார் ஓட்டினாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1080பி, நடுத்தரத் தரம், 60 ஃபிரேம். இப்போது அவள் சிரித்தது வேறு சிரிப்பு.

அக்டோபர் 29

வேறொரு விளையாட்டில் நகரத்துக்குள் போனால் ஃபிரேம் 40-க்கு விழுகிறது. ஊருக்கு வெளியே 60.

தரத்தைக் குறைத்தேன், 40. தெளிவுத்திறனை 720-க்கு இறக்கினேன், அதே 40. அப்படியென்றால் கார்டு குற்றவாளி இல்லை. அதன் சுமை 55 சதவீதத்தில் சும்மா நிற்கிறது. நான்கு கோரும் 100-இல் எரிகின்றன. கூட்டம், போக்குவரத்து, ஒவ்வொருவரும் எங்கே நடக்க வேண்டும் என்ற கணக்கு, எல்லாம் பிராசசர் தலையில். 2014-இல் இதற்குப் பெயர் நல்ல பிராசசர்.

அக்டோபர் 30

மழுப்பிச் சொல்ல விருப்பமில்லை. எரிச்சலாக இருக்கிறது.

நவம்பர் 1

அந்த விளையாட்டை நொடிக்கு 30 ஃபிரேமில் பூட்டி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபிரேமும் 33.3 மில்லிநொடி, பிசகாமல். 60-க்கும் 40-க்கும் இடையே துள்ளுவதைவிட இது கண்ணுக்கு எவ்வளவோ தேவலை. சராசரி எண்ணைப் பிடித்துக்கொண்டு பெருமை பேசுகிறவர்கள் இதை ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கார் விளையாட்டை 60-இலேயே விட்டுவிட்டேன். நகர விளையாட்டுக்கு 30.

ஒரு மணி நேரம் உட்கார முடிந்தது. அக்கா திட்டினாள்.

நவம்பர் 3

ஐ7-4770. இதே சாக்கெட், நான்கு கோர், ஆனால் எட்டுத் திரெட். இதே மதர்போர்டில் உட்காரும். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 4

84 வாட். அதுவும் 84 வாட்தான், ஐ5-ஐப் போலவே. கணக்கு மாறாது.

நவம்பர் 5

தம்பி பேசினான். வேகம் எப்படி என்று கேட்டான். கார் விளையாட்டைப் பற்றி மட்டும் சொன்னேன்.

நவம்பர் 6

நாளை காலை ஏழு மணிக்கு ஸ்கேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். 4770 விற்பவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது, கூலர் இல்லாமல் சிப் மட்டும் என்கிறார். பழைய கூலரே போதும். பேஸ்ட் மிச்சம் இருக்கிறதா என்று அக்கா மகளிடம் கேட்க வேண்டும்.