நூலோடிய பொஹீமியப் பூச்சாடிகள்: விரலால் பார்ப்பது எப்படி

ஆர்ட் நூவோ (1900-ஐ ஒட்டிய, வளைகோடுகள் நிறைந்த அலங்காரப் பாணி) காலத்துப் பொஹீமியக் கண்ணாடிப் பூச்சாடிகளில், அதாவது இன்றைய செக் நாட்டுப் பகுதியில் செய்தவற்றில், பெரும்பாலானவற்றில் கையொப்பமே கிடையாது. ஆனாலும் மினுங்குவதையெல்லாம் ‘லோட்ஸ்’ என்றுதான் விற்பார்கள்! கிளோஸ்டர்முஹ்லேயில் இருந்த லோட்ஸ் ஆலையும் பெரும்பாலும் பெயர் பொறிக்காமலே அனுப்பியது. பின்னாளில் யாரோ கீறிய போலிக் கையொப்பங்களும் உண்டு. ஆகவே முதலில் மேற்பரப்பைப் பாருங்கள், பெயர் பிறகு.

வெளிப்புறத்தில் மெல்லிய கண்ணாடி நூல்கள் ஒழுங்கில்லாமல் வலைபோல் ஓடினால் பால்மே-கோனிக் ஆலையை முதலில் நினைக்கலாம். கிராலிக் என்ற இன்னொரு பொஹீமிய ஆலையும் நூல் சுற்றியது. எனவே நூல் மட்டுமே சான்றாகாது. வடிவம், நிறம், விளிம்பு மூன்றையும் நிச்சயமாக அறியப்பட்ட சாடிகளோடு ஒப்பிடுங்கள்.

நூல் புடைத்திருப்பதால் எளிதில் உடையும். மென்மையான பருத்தித் துணியை மெல்ல ஓட்டுங்கள். சிக்கும் இடத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சூளையிலேயே விட்ட இடைவெளியின் முனை உருண்டிருக்கும், பின்னர் உடைந்தது கூராக இருக்கும். சிறு இடைவெளிக்காக நல்ல சாடியை நான் ஒதுக்க மாட்டேன். விரிசல் என்றால் தொடவே மாட்டேன்.

அடியில் ‘செக்கோஸ்லோவாக்கியா’ முத்திரை அசலாக இருந்தால் சாடி அந்த நாடு உருவான 1918-க்குப் பிந்தியது.

கழுவ வெதுவெதுப்பான நீரும் மென்சோப்பும் போதும். பாத்திரம் கழுவும் இயந்திரம் வானவில் மினுக்கத்தைத் தின்றுவிடும்.