ஐந்து சுற்று நேர்காணலைத் தாண்டி, ஓர் இனிஷியலில் மாட்டிக்கொண்டேன்

பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்து, பழைய இடத்தில் ராஜினாமாவும் கொடுத்துவிட்டேன். 90 நாள் நோட்டீஸில் 40 நாள் கழிந்திருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. ஆவணங்களில் என் பெயர் முரண்படுகிறதாம். சரிபார்ப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். அன்றிரவு நான் தூங்கவில்லை.

பட்டச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல் இருக்கிறது. பான் அட்டையில் இனிஷியலுக்கு இடமில்லாததால் அப்பாவின் முழுப்பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. திருமணத்துக்குப் பின் ஆதாரில் முகவரி மாற்றப் போனபோது கணவரின் இனிஷியலைப் போட்டுக்கொண்டேன். நம் ஊரில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். ஆனால் பின்னணிச் சரிபார்ப்பை ஒப்பந்தம் எடுத்திருந்த வெளி நிறுவனத்துக்கு நாங்கள் மூன்று வெவ்வேறு பெண்கள்.

நேர்காணலை நினைத்து நான்கு மாதம் பயந்தேன். அது சிக்கலில்லாமல் முடிந்தது: நிரல் எழுதும் சுற்று மூன்று, அமைப்பு வடிவமைப்பு ஒன்று, பழைய வேலையைத் துருவிக் கேட்பது ஒன்று. ஒன்று மட்டும் சொல்கிறேன். கேள்வி வந்ததும் எழுதத் தொடங்கிவிடாதீர்கள். தரவு எவ்வளவு பெரியது, ஒன்றுமே இல்லாமலும் வருமா என்று முதலில் கேளுங்கள். நான்காம் சுற்றில் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

சரிபார்ப்புக்கு வருகிறேன். 'இருவரும் ஒருவரே' என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள். அரை நாள் விடுப்பெடுத்து, நீதிமன்றத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்த நோட்டரியிடம் முத்திரைத்தாளில் எழுதி வாங்கி அனுப்பினேன். மூன்று நாள் கழித்துத் திருப்பிவிட்டார்கள். ஆதாரிலும் பட்டச் சான்றிதழிலும் உள்ள பெயர்களை எழுதியிருந்தேன், பான் அட்டைப் பெயரை விட்டுவிட்டேன். மறுபடி விடுப்பு, மறுபடி நோட்டரி. நீங்கள் எழுதும்போது எல்லா வடிவங்களையும், எந்த ஆவணத்தில் எது இருக்கிறது என்பதையும் அந்தந்த ஆவண எண்ணோடு ஒரே பத்திரத்தில் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது பத்திரத்துக்குப் பிறகு, அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டுக் கொண்டு வரச் சொன்னார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நான் பெயரை மாற்றவே இல்லையே! பெயர் பிறந்ததிலிருந்து அதேதான். முன்னால் நிற்கும் ஓர் எழுத்து அப்பாவுடையதா கணவருடையதா என்பது மட்டும்தான் வித்தியாசம். தொலைபேசியில் பேசியவர் படிவத்தில் உள்ளதையே திரும்பத் திரும்பப் படித்தார்.

அதன் பிறகு அவர்களோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, என்னைத் தேர்ந்தெடுத்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கே நேராக எழுதினேன். எந்த ஆவணத்தில் என்ன பெயர், ஏன் அப்படி என்று ஒரே பக்க அட்டவணை. கூடவே திருமணப் பதிவுச் சான்றிதழ். அதில் அப்பா பெயர், கணவர் பெயர் இரண்டும் இருந்தன. இரண்டே நாளில் சரிபார்ப்பு முடிந்ததாகப் பதில் வந்தது. நோட்டீஸ் முடிய அப்போது ஒன்பது நாள் இருந்தது. சமையலறையில் நின்றபடியே அழுதுவிட்டேன்.

வேலை மாறும் எண்ணம் இருந்தால் இன்றே எல்லா ஆவணங்களையும் மேசைமேல் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம், அதனால் அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் உள்ள பெயரும் ஆதாரோடு பொருந்த வேண்டும். என்னுடையது 2016இல் தொடங்கிய கணக்கு, அப்பாவின் இனிஷியலோடு இருக்கிறது. 2017 அக்டோபருக்கு முந்தைய கணக்கு என்பதால் திருத்தத்துக்கு நிறுவனத்தின் ஒப்புதலும் தேவை. பழைய இடத்தில் இருந்தபோதே கேட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். இப்போது அவர்களுக்கு மூன்றாவது நினைவூட்டல் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன்.