மௌனப்படக் காதல் கதைகளில் பிற இனத்தவர்: நெடுவினாவுக்கு நான் படித்த முறை

முதுகலைத் திரைப்படவியல் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. நான் மிகவும் அஞ்சிய உலகத் திரைப்பட வரலாற்றுத் தாளே எனக்கு அதிக மதிப்பெண் தந்திருப்பதால், மௌனப்படக் காலத்து அமெரிக்கக் காதல் மெலோடிராமாக்களில் (உணர்ச்சியை மிகைப்படுத்தும் கதைப்படங்களில்) பிற இனத்தவர் சித்திரிக்கப்பட்ட விதம் பற்றிய நெடுவினாவை எவ்வாறு அணுகினேன் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எங்களிடம் சுற்றிவந்த குறிப்புகளில் படப்பெயர்களும் ஆண்டுகளும் பக்கம் பக்கமாக இருந்தன. அவற்றை உழைத்து மனப்பாடம் செய்த நண்பர்கள் பாதி மதிப்பெண்ணோடு நின்றது வருத்தமளிக்கிறது. நானோ ஒரே படத்தை அதன் எழுத்தட்டைகள் (காட்சிகளுக்கிடையே உரையாடலையும் விளக்கத்தையும் காட்டும் அட்டைகள்) வரை படித்தேன்; நிதானமாகப் படிப்பவர்களுக்கு இதுவே ஏற்ற வழி.

அந்தப் படம் செசில் பி. டெமில் இயக்கிய 'தி சீட்' (1915). செஞ்சிலுவை நிதியைப் பங்கு வணிகத்தில் தொலைத்த எடித் என்ற அமெரிக்கப் பெண்ணுக்குப் பணம் கொடுக்கும் செல்வர், அவள் வாக்குத் தவறியதும், தன் உடைமைகளில் பொறிக்கும் அதே முத்திரையைக் காய்ச்சி அவள் தோளில் வைக்கிறார். ஜப்பானிய நடிகர் செசூ ஹயகாவா நடித்த அந்தப் பாத்திரம் முதலில் ஜப்பானியர். அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர் எதிர்த்தனர். முதல் உலகப் போரில் ஜப்பான் நேச நாடாகவும் இருந்தது. ஆகவே 1918 மறுவெளியீட்டில் அவர் பர்மாவைச் சேர்ந்த யானைத் தந்த வணிகராக்கப்பட்டார். நடிகர் அவரே, சூடு போடும் காட்சியும் அதுவே. எழுத்தட்டைகளில் பெயரும் நாடும் மாறின. திரையில் இருந்தது எந்த நாட்டு மனிதரும் அல்லர், கீழை நாட்டவர் மீதான பொதுவான அச்சமே என்ற வாதத்தை நிறுவ இந்த ஒரு சான்று போதும்.

மற்றப் படங்களுக்கு மூன்று கேள்விகள்:

- நடித்தவர் யார்? 'புரோக்கன் பிளாசம்ஸ்' (1919) படத்தின் சீன இளைஞர், ரிச்சர்டு பார்த்தெல்மஸ் என்ற வெள்ளையர்.
- விலகிக்கொள்பவர் யார்? 'தி டோல் ஆஃப் தி ஸீ' (1922) படத்தில் அன்னா மே வாங் நடித்த சீனப் பெண் பாத்திரம் தன் குழந்தையை அமெரிக்கத் தம்பதியிடம் கொடுத்துவிட்டுக் கடலில் இறங்குகிறது.
- இணைவதற்கு விதிக்கப்படும் நிபந்தனை என்ன? 'தி ஷேக்' (1921) முடிவில், காயமுற்றுக் கிடக்கும் அராபியத் தலைவனின் கையைப் பற்றியிருக்கும் ஆங்கிலேயப் பெண் டயானா, அராபியருக்கு இவ்வளவு பெரிய கையா என்று வியக்கும்போதுதான், அவனுடைய தந்தை ஆங்கிலேயர், தாய் ஸ்பானியர் என்ற செய்தி வருகிறது. அதன் பிறகே காதல் கைகூடுகிறது.

ஹயகாவா தம் சொந்த நிறுவனத்தின் வழியே எடுத்த 'தி டிராகன் பெயின்டர்' (1919) படத்தையும் தவறாமல் குறிப்பிடுங்கள். அவரும் அவர் மனைவி சுரு அவோகியும் காதலர்களாக நடித்த அந்தப் படம் இன்பமாக முடிகிறது. ஆசியர் வில்லனாகவோ தியாகியாகவோ இல்லாமல் காதலராகவே நிற்கும் அரிய படம் என்பதால் எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் காதலர் இருவருமே ஜப்பானியர் என்பதால், அதைக் கலப்புக் காதலுக்கான துணிவாக எழுதிவிடாதீர்கள்.

இந்தப் படங்களுக்கெல்லாம் படங்களில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று ஹாலிவுட் வகுத்துக்கொண்ட 1930-இன் தணிக்கை நெறிமுறையைக் காரணமாக எழுதுவதும் பொருந்தாது. அது பின்னால் வந்தது. ஹாலிவுட் இயங்கிய கலிபோர்னியாவிலேயே வெள்ளையரும் ஆசியரும் மணந்துகொள்ள அன்று சட்டம் இடம் தரவில்லை, 1948 வரையிலும் தரவில்லை. அதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.