பழைய பிக் பிளாக் படகு எஞ்சின்: பிரிக்கும்போது எங்கே பார்ப்பது

"454 மேக்னம், ஓடுற கண்டிஷன்" என்று விற்பவர் சொன்னால், அதில் தைரியமாக நம்பலாம் என்பது எடையை மட்டும்தான். பல நூறு கிலோ இருக்கும். (454 என்பது கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு, மேக்னம் மெர்க்குரூசரின் மாடல் பெயர்.) மிச்சத்தையெல்லாம் பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெர்க்குரூசர், குரூசேடர், வோல்வோ பென்டா என்று அமெரிக்கப் படகுகளில் எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஷெவர்லே பிளாக்தான், அதாவது சிலிண்டர்கள் உள்ள வார்ப்பிரும்பு உடல். ஸ்டிக்கரும் சீரியல் எண்ணும் மேல்மூடியிலோ தகட்டிலோ இருக்கும். அவை எஞ்சின் விட்டு எஞ்சின் எளிதாக மாறிப்போகும். பிளாக்கில் வார்த்த எண் மாறாது. முன்பக்கமிருந்து பின்னால் போய், இடது கையோரம் ஃப்ளைவீல் ஹவுசிங் சேரும் விளிம்பின் மேலே பாருங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எண் தெளியும். 361959, 14015445 என்றால் மார்க் 4 (நான்காம் தலைமுறை) வகை 454. 10114182 என்றால் ஐந்தாம் தலைமுறை, 10237297 என்றால் ஆறாம் தலைமுறை.

பக்கத்திலேயே வார்த்த தேதியும் இருக்கும். முதல் எழுத்து மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். "டி 17 8" என்றால் ஏப்ரல் 17, எட்டில் முடியும் ஆண்டு. அது 1978-ஆ 1988-ஆ என்று தேதி சொல்லாது, வார்ப்பு எண்ணோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வலது ஹெட்டுக்கு (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) முன்னால் உள்ள சிறிய தட்டையான இடத்தில் பஞ்ச் அடித்த குறியீடு இருக்கும். அந்த இடம் வழவழவென்று காலியாக இருந்தால் பிளாக்கின் மேல்தளத்தை யாரோ ஏற்கெனவே சீவியிருக்கலாம். உள்ளே ஓவர்சைஸ் பிஸ்டன் (பெரிதாக்கிய சிலிண்டருக்கானது) இருக்கலாம் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளலாம்.

தலைமுறையைக் கண்ணாலேயே பிரிக்க முடியும். 1990 வரை வந்த மார்க் 4-க்குப் பின்பக்க மெயின் சீல் (கிராங்க் தண்டின் பின்முனையில் எண்ணெய் கசியாமல் தடுப்பது) இரண்டு துண்டு. 1991-இலிருந்து ஒரே வளையம். ஐந்தாம் தலைமுறையில் பிளாக்கின் பக்கவாட்டில் மெக்கானிக்கல் ஃப்யூவல் பம்ப் பொருத்தும் இடமே கிடையாது. அதனால்தான் அந்தக் காலக் கார்புரேட்டர் மெர்க்குரூசர்களில் ஃப்யூவல் பம்ப் கடல்நீர் பம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். இதைத் தெரிந்துகொள்வதில் பணம் இருக்கிறது. மார்க் 4 ஹெட்டை ஐந்தாம் தலைமுறை பிளாக்கில் சாதாரண கேஸ்கட் வைத்துப் பூட்டினால், நீர்வழிகள் ஒத்துவராமல் லிஃப்டர் பள்ளத்துக்குள் (இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், வால்வைத் தள்ளும் லிஃப்டர்கள் இருக்கும் இடம்) தண்ணீர் கசியும். அதற்கென்று தனி கேஸ்கட் உண்டு.

கொள்ளளவை அளந்தே முடிவு செய்யுங்கள். 454-இன் போர் (சிலிண்டர் விட்டம்) 4.250 அங்குலம், 502-இன் போர் 4.466. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 4.000. சாதாரண காலிப்பரே இந்த வித்தியாசத்தைக் காட்டிவிடும். 427-க்கும் போர் 4.250 தான், ஆனால் ஸ்ட்ரோக் 3.76. போரை மட்டும் பார்த்து 454 என்று சொல்லிவிட முடியாது, பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தையும் அளக்க வேண்டும். பிஸ்டன் தலையில் 030 அல்லது 060 என்று அடித்திருந்தால் அத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் போர் ஏற்கெனவே பெரிதாகியிருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஓடிய 060 பிளாக்கை மறுபடியும் போர் அடிக்கலாம் (கடைந்து பெரிதாக்கலாம்) என்று யார் சொன்னாலும், சுவர் தடிமனை அல்ட்ராசோனிக்கில் அளக்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளிருந்து துரு எவ்வளவு தின்றது என்பது போருக்குள் பார்த்தால் தெரியாது.

இரட்டை எஞ்சின் படகிலிருந்து வந்ததா? அப்படியானால் ஒன்று எதிர்ப்பக்கம் சுற்றும் எஞ்சினாக இருக்கலாம். பல பேர் ஏமாறும் இடம் இது. வால்வு மூடியைக் கழற்றி, முன்பக்கமிருந்து பார்த்துக் கடிகாரச் சுற்றில் கிராங்க்கைச் சுற்றுங்கள். ஒரு சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு மூடும் தறுவாயில் இன்டேக் திறக்க ஆரம்பித்தால் வழக்கமான சுழற்சி. இன்டேக் மூடும்போது எக்ஸாஸ்ட் திறக்க ஆரம்பித்தால் எதிர்ச்சுழற்சி. வழக்கமானதற்கு ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-8-4-3-6-5-7-2, எதிரானதற்கு 1-2-7-5-6-3-4-8. கேம் (வால்வுகளை இயக்கும் தண்டு), பின்பக்க சீல், ஸ்டார்ட்டர் எல்லாம் வேறு. கார் பாகங்களை வாங்கிப் போட்டால் சீல் எண்ணெயை வெளியே தள்ளும்.

இனி தண்ணீர். படகு எஞ்சின் தேய்ந்து சாவதைவிடத் தண்ணீரால் சாவதுதான் அதிகம். மிச்சிகன், விஸ்கான்சின் நன்னீர் ஏரிகளில் ஓடியதில் போர் பளபளப்பாக இருக்கும். ஆனால் ஒரே ஒரு குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்க மறந்திருந்தால் பிளாக் வெடித்திருக்கும். புளோரிடாக் கடலில் ஓடிய எஞ்சின் உறைந்திருக்காது, நீர்வழி முழுக்கத் துருச் செதில் அடைத்திருக்கும். முதலில் பிளாக்கின் இரு பக்கமும் உள்ள வடிகால் பிளக்குகளைக் கழற்றுங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் காலி என்று நினைக்காதீர்கள், கம்பி விட்டுக் குத்துங்கள். செதில் அடைத்து உள்ளே நின்ற தண்ணீர்தான் குளிரில் உறைந்து பிளாக்கைப் பிளக்கிறது. விரிசல் பெரும்பாலும் வெளிச்சுவரில், கோர் பிளக் (வார்ப்புத் துளைகளை அடைக்கும் மூடி) வரிசையை ஒட்டிக் கிடைமட்டமாக ஓடும். பெயிண்டுக்கு அடியில் மெல்லிய துருக்கோடு, அல்லது அந்த ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட். எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம் அதிகம். இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கிய பிறகு லிஃப்டர் பள்ளத்தின் தரையையும் பாருங்கள், அங்கேயும் விரிசல் விழும். கண்ணுக்குத் தப்பியதைப் பிரஷர் டெஸ்ட் பிடித்துவிடும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதன் மேலுள்ள எல்போவும் சேரும் முகத்தை அவசரப்படாமல் பாருங்கள். கேஸ்கட் முகத்தில் நீர்வழியிலிருந்து புகைவழி வரை குறுக்கே ஒரு துருக்கோடு போயிருந்தால், எஞ்சின் நின்றபின் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. அடுத்து எட்டு எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் டார்ச் அடியுங்கள். வறண்ட சாம்பல் கலந்த கறுப்பு நல்லது. செங்கல் நிறத்தில் இருந்தால் அந்த சிலிண்டரைக் குறித்துவையுங்கள். ஹெட்டைத் தூக்கியதும் அதே சிலிண்டரில் பிஸ்டன் நின்ற உயரத்துக்கு மோதிரம் மாதிரி ஒரு துரு வளையம் தெரியும். நகத்தில் மாட்டாத கறை ஹோனிங்கில் (சுவரை லேசாகத் தேய்ப்பது) போய்விடும். நகம் மாட்டினால் போர் அடித்தாக வேண்டும்.

தண்ணீர் புகுந்த சிலிண்டரோடு ஸ்டார்ட்டரை அடித்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். ஹெட்டைக் கழற்றியபின் ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து மேல்தளத்திலிருந்து எவ்வளவு தாழ்வு என்று அளந்து எழுதுங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தால் அந்த ராடு வளைந்தது, நிமிர்த்திப் போட நினைக்காதீர்கள்.

ஹெட் ஒன்றுக்கு 16 போல்ட். தூக்க இரண்டு பேர் வேண்டும், தனியாள் வேலையில்லை. ஓவல் போர்ட் ஹெட்களில் 336781, 353049 நல்ல வார்ப்புகள். மிகச் சிறிய போர்ட் உள்ளவற்றைப் பீநட் போர்ட் என்பார்கள். மேக்னம் என்று விற்ற எஞ்சினில் அது இருந்தால் விலையைப் பற்றி மறுபடி பேசலாம்.

கீழ்ப்பகுதியில் கழற்றும் முன்பே ராடு, கேப் இரண்டிலும் எண் அடித்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நீங்களே அடியுங்கள். போர் உச்சியில் விளிம்பு எழும்பியிருந்தால் ரிட்ஜ் ரீமர் (அந்த விளிம்பைச் சீவும் கருவி) போட்டபின்தான் பிஸ்டனைத் தள்ள வேண்டும். ராடு போல்ட்டுகளுக்கு ரப்பர் ஹோஸ் மாட்டாமல் தள்ளினால் கிராங்க் ஜர்னலில் கீறல் விழும். ராடு ஜர்னல் 2.200 அங்குலம், பேரிங் இடைவெளி 0.0022-இலிருந்து 0.0025 வரை இருந்தால் படகுக்குச் சரி. கிராங்க் எண்ட் பிளே (முன்பின் ஆட்டம்) 0.006 முதல் 0.010. வார்ப்புக் கிராங்க்கில் அச்சுக்கோடு மெல்லியதாக இருக்கும், ஃபோர்ஜ் செய்ததில் விரல் அகலத்துக்குப் பட்டையாக இருக்கும்.

கேம் ஃப்ளாட் டேப்பெட் (உருளை இல்லாத லிஃப்டர் வகை) என்றால் லிஃப்டரின் அடியில் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். நடுவில் லேசாகக் குவிந்திருக்க வேண்டும். குழிந்திருந்தால் கேமும் போச்சு. நல்ல லிஃப்டர்களைக்கூட அதே துளை வரிசையில் எடுத்துவைக்காவிட்டால் திரும்பப் பயன்படாது. டேம்பரையும் (கிராங்க்கின் முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரம்) ஃப்ளைவீலையும் பிளாக்கோடு சேர்த்தே வையுங்கள். மார்க் 4 454-இன் சமநிலை எடை இந்த இரண்டிலும் இருக்கிறது, 427-உடையதை மாற்றி மாட்டினால் அதிரும்.

பேரிங் உரிந்து செம்பு தெரிந்தால் ஆயில் கூலரைக் கழுவிப் பார்க்கும் வேலை வேண்டாம். அதன் மெல்லிய குழாய்களில் சிக்கிய உலோகத்தூள் எந்தக் கரைப்பானுக்கும் முழுக்க வராது, கட்டி முடித்த எஞ்சினின் புதுப் பேரிங்கில்தான் வந்து இறங்கும். கூலரையும் ஹோஸ்களையும் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.