நூற்று முப்பது பேரைச் சேர்த்தேன், ஒருவரைத் தவறவிட்டேன்

என் அக்காள் மகனுக்கு இருபத்து மூன்றாவது வயதில் ரத்தப் புற்றுநோய் மீண்டும் தலைகாட்டியபோது, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைதான் வழி என்று மருத்துவர் சொன்னார். உடன்பிறந்தவர்களுக்குள் எச்எல்ஏ எனப்படும் திசுவகை முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. அவனுடைய ஒரே தங்கைக்குப் பொருந்தவில்லை. உறவல்லாத கொடையாளரைத் தேடத் தொடங்கியபோதுதான், தாத்ரி என்ற கொடையாளர் பதிவகம் 2009 முதல் சென்னையிலேயே இயங்கிவருவது எங்களுக்குத் தெரியவந்தது. உலகெங்கும் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இவ்வாறு பெயர் கொடுத்திருந்தாலும், திசுவகை பெற்றோர் வழியாக வருவது என்பதால் ஒத்த மரபுப் பின்னணி உள்ளவர்களிடையேதான் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இந்தியாவில் பதிந்தவர்களோ சில லட்சம் பேர்தான்.

அவனுக்குத் தேடல் பலிக்கவில்லை. தந்தையின் பாதிப் பொருத்தத்தைக் கொண்டே சிகிச்சை நடந்து, தேறிவிட்டான். ஆனால் அந்த மாதங்களின் தவிப்பு என்னை விடாததால், நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவு முகாம் நடத்தினேன். படிவத்தை நிரப்பி, வாயைக் கொப்பளித்து, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. அதைத்தான் நானும் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னேன்: "பத்து நிமிட வேலை, ஊசிகூடக் கிடையாது." ஓ பாசிட்டிவ் என்றால் பொருந்துமா என்று பலர் கேட்டார்கள்; ரத்த வகை ஒத்திருக்க வேண்டிய தேவையே இல்லை என்று விளக்கினேன். நண்பர்களை நண்பர்கள் இழுத்து வந்தார்கள். சுண்டலும் காபியும் தீர்வதற்குள் நூற்று முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். அன்றிரவு எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தால் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

ஒன்றரை ஆண்டு கழித்து அடுத்த தெருத் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். யாரோ ஒரு நோயாளிக்குத் தன் திசுவகை பொருந்துவதாக அழைப்பு வந்திருப்பதாகவும், அம்மா அழுது மறுப்பதாகவும் சொன்னார். (பதிவகம் இத்தகைய செய்தியை முகாம் நடத்தியவரிடம் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அவராக வந்து சொன்னதால்தான் எனக்குத் தெரியும்.) நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதுகுத்தண்டில் ஊசி ஏற்றி உறிஞ்சுவார்கள், கல்யாணமாக வேண்டிய பையன் முடங்கிப்போவான் என்பதே அந்த அம்மாவின் அச்சம். முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை என்றும், இப்போது பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி மருந்து கொடுத்து, பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை இயந்திரத்துக்குள் செலுத்தி, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை மறு கை வழியாகத் திருப்பி ஏற்றுகிறார்கள் என்றும், அதற்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும் என்றும் சொன்னேன். ஊசி போடும் நாட்களில் எலும்பு வலியும் தலைவலியும் இருக்கும் என்பதை மறைக்கவில்லை. அரிதாக மஜ்ஜையையே எடுத்தாலும், மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்துதான் எடுப்பார்கள், சில வாரங்களில் உடல் அதை ஈடுசெய்துகொள்ளும் என்பதையும் விளக்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் அன்றைக்கே எங்களையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாமே?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

தம்பி விலகிக்கொண்டார். எந்தக் கட்டத்திலும் விலகக் கொடையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் மாற்றுச் சிகிச்சைக்குச் சில நாட்கள் முன்பாகவே கடும் மருந்துகளால் நோயாளியின் சொந்த மஜ்ஜையை அழித்துவிடுகிறார்கள். அதன் பிறகு கொடையாளர் வராவிட்டால் அவர் உயிர் பிழைப்பதே அரிது. அந்த வகையில் தொடக்கத்திலேயே மறுத்தது நல்லது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அந்த நோயாளி யார், பிறகு என்ன ஆனார் என்று அறிய எனக்கு வழியில்லை.

தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் அடுத்த முகாமை நடத்தியபோது முறையை மாற்றினேன். முதல் வாரம் பேச்சு மட்டும். படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று பெற்றோரிடம் பேசிவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னேன். கேட்க வந்தவர்கள் தொண்ணூறு பேர், திரும்பி வந்தவர்கள் முப்பத்தெட்டு. ஏற்பாடு செய்த மாணவர்களின் முகம் வாடிவிட்டது. எனக்கு அந்த முப்பத்தெட்டு நிறைவாகவே இருந்தது.

மகனோடு குரோம்பேட்டையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மட்டும் என்னை அரை மணி நேரம் துளைத்தெடுத்தார். செலவு யாருடையது என்றார். நோயாளி தரப்பே ஏற்கும், கொடையாளருக்குப் பணம் தருவதும் இல்லை, பெறுவதும் இல்லை என்றேன். தானும் பதியலாமா என்று கேட்டார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு, வரம்பு ஐம்பது. சற்று ஏமாற்றத்தோடு மகன் பக்கம் திரும்பி, "நீ அடிக்கடி நம்பரை மாற்றுகிறவன், என் நம்பரையும் சேர்த்து எழுது" என்று சொல்லிவிட்டு, அவன் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தார்.